மாநாட்டிலிருந்து டாக்டர் எதைக் கொண்டுவர வேண்டும்?

"முதுகெலும்பு டாக்டர் மாநாட்டுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வாங்க" என்று சொன்னால், பாம்பனிலிருந்து முதுகுவலியோடு பஸ் ஏறி வந்தவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த மூன்று நாளில் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. கற்காமல் திரும்பவும் வழி இருக்கிறது.

2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள், 5 ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. மணிக்கணக்கைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. காலையில் கையெழுத்துப் போட்டு, பையை வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டோடு காணாமல் போனவருக்கும் சான்றிதழ் கிடைத்துவிடும்.

ஆனால் போகாமலே இருந்துவிட்டால், படித்த காலத்துப் பாடமே நோயாளியின் உடம்பில் ஏறும். பனையிலிருந்து விழுந்து, தண்டுவடம் அடிபட்டுக் கால் செயலிழந்தவருக்கு 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, உடல் எடையில் கிலோவுக்கு 30 மி.கி. என்பது 1990-களில் படித்தவர்களுக்கு வேதவாக்கு. 2013-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. பலன் உறுதியாகவில்லை, தொற்றும் இரைப்பை ரத்தக்கசிவும் கூடின. அதே வழிகாட்டுதல் சராசரி ரத்த அழுத்தத்தை 7 நாள் 85-90-இல் வைக்கச் சொன்னது. 2024-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலில் கீழ் எல்லை 75-80 ஆகிவிட்டது, நாளும் 3 முதல் 7. அடிபட்டு 24 மணி நேரத்துக்குள் தண்டுவட அழுத்தத்தை நீக்குவது நல்லது என்பதும் இப்போது ஏற்கப்பட்ட கருத்து. இராமேசுவரத்திலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 170 கி.மீ. அந்த 24 மணி நேரம் பனைமரத்தடியிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.

கையால் கற்க வேண்டியதற்குச் சொற்பொழிவு உதவாது. சடலப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் மற்ற அரங்குகளை விட்டுவிடலாம். நெஞ்சுப்பகுதி முதுகெலும்பில் ஸ்குரூ போடுவதையே பாருங்கள். நடு நெஞ்சில், ஸ்குரூ நுழையும் குறுகிய எலும்புப் பாலமான பெடிக்கிளின் அகலம் சிலருக்கு 4, 5 மி.மீ.தான், உள்பக்கம் தண்டுவடம். துளை போடும் வளைந்த கம்பியான புரோபின் முனையை முதல் 20 மி.மீ. வரை வெளிப்பக்கம் பார்க்க வைத்து இறக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, முனையை உள்பக்கம் திருப்பி, அதே துளையில் மேற்கொண்டு இறக்க வேண்டும். எலும்புக்குள் போகும்போது ஒரே சீராக, ஈர மணலில் குச்சி இறங்குவதுபோல் இருக்கும். சட்டென்று வழுக்கி இறங்கினால் சுவர் உடைந்துவிட்டது. பிறகு உருண்டை முனைக் கம்பியால் நான்கு சுவரையும் அடித்தளத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் அடித்தளத்தை மட்டும் தொட்டுவிட்டு ஸ்குரூவை ஏற்றுவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அறுவைக்கு உதவும் ரோபோவை நிறுவனம் காட்டும் அரங்கில் கூட்டம் அலைமோதும். பார்க்கட்டும், தப்பில்லை. அந்த நிறுவனத்தின் செலவில் போய் இறங்கினால்தான் தப்பு. மருந்து நிறுவனங்களும் அதைச் சார்ந்த துறையினரும் தரும் பயணச் செலவை ஏற்கக் கூடாது என்று அதே நெறிமுறை விதிகளின் 2009 திருத்தம் சொல்கிறது.

நம் கரைக்கு வேண்டிய ஒரு பாடம் பெரும்பாலான முதுகெலும்பு மாநாடுகளில் ஓரமாகவே இருக்கும். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர் கம்ப்ரசர் குழாயில் மூச்சு விட்டபடி ஆழத்தில் நெடுநேரம் இருந்தால், நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேரும். வேகமாக மேலே வந்தால் அது குமிழாகிறது, சோடா பாட்டிலைத் திறந்ததுபோல. குமிழ்கள் தண்டுவடத்து ரத்தநாளங்களை அடைத்தால், பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் இடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் வலி, காலில் மதமதப்பு, சிறுநீர் அடைப்பு எல்லாம் வரும். எம்.ஆர்.ஐ. சரியாகவே இருக்கலாம். பழைய டிஸ்க் வீக்கம் ஒன்று தென்பட்டுவிட்டால் இன்னும் ஆபத்து, அதன் தலையில் பழியைப் போட்டு அறுவைக்குத் தேதி குறித்துவிடுவார்கள்.

இதற்குக் கத்தி வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன், நரம்பில் திரவம், சிறுநீருக்குக் குழாய். தாமதிக்காமல் உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குப் பேச வேண்டும். அங்கே வழக்கமாக 2.8 வளிமண்டல அழுத்தத்தில் தொடங்கும் முதல் சுற்றே ஐந்து மணி நேரத்தைத் தொடும். வலி குறையும் என்று திரும்பவும் கடலில் இறக்கிவிடக் கூடாது.

கால் பலமிழந்து வரும் கடலோரத்து ஆளிடம் ஸ்கேனுக்கு முன்பே கேட்க வேண்டியவை: இன்று மூழ்கினீர்களா, எத்தனை பாகம் ஆழம், எத்தனை முறை, மேலே வர எவ்வளவு நேரம் எடுத்தீர்கள்?