உரை எழுதும் வேலை: நடையழகைவிட ஓரக்குறிப்பு முக்கியம்

தலைவர்களுக்கு மேடைப் பேச்சு எழுதித் தரும் இந்த வேலைக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் தங்கள் நடையழகைக் காட்டும் நாலு பக்கங்களை அனுப்புகிறார்கள். நன்றாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அரசுத் தரப்பிலும், பிறகு நிறுவனத் தலைமை நிர்வாகிகளுக்கும் உரை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன்: அழகாக எழுதுவது பாதி வேலைகூட இல்லை. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கையில் இருக்க வேண்டும்.

2003 ஜனவரி 28 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், அன்றைய இராக் அதிபர் சதாம் உசேன் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்க முயன்றார் என்று ஒரு வாக்கியம் வந்தது. ஆங்கிலத்தில் 16 சொற்கள். அதே போன்ற ஒரு வரியை முந்தைய அக்டோபரில் வேறொரு உரையிலிருந்து உளவுத் துறை எடுக்கச் சொல்லி, எடுத்தும் விட்டார்கள். மூன்று மாதம் கழித்து அது வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது. அந்த வரி இடம்பெற்றிருக்கக் கூடாது என்று ஜூலையில் வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது. நீக்கிய வரிகளையும் நீக்கிய காரணத்தையும் தனிக் கோப்பில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். வரைவின் ஓரத்தில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக எந்த அறிக்கை, எந்தப் பக்கம் என்று குறிப்பு இருக்கட்டும்.

வரைவு சுற்றுக்குப் போனால் எல்லாத் துறையும் கை வைக்கும். ஒருவர் தன் திட்டத்தைச் சேர்க்கச் சொல்வார், இன்னொருவர் 'இது கொஞ்சம் காரமாக இருக்கிறதே' என்பார். தகவல் தவறு என்று யாராவது சொன்னால் உடனே திருத்திவிடுங்கள், வாதமே வேண்டாம். தொனி பிடிக்கவில்லை என்றால் மட்டும் போராடலாம், அதுவும் ஒரே ஒரு வரிக்காக. 1987-இல் பெர்லின் சுவரருகே அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் பேசிய 'இந்தச் சுவரை இடித்துத் தள்ளுங்கள்' என்ற வரியை எழுதியவர் பீட்டர் ராபின்சன். வெளியுறவுத் துறையும் தேசியப் பாதுகாப்புக் குழுவும் அதை எடுக்கச் சொல்லிப் பலமுறை மல்லுக்கட்டின. வரி நின்றதற்குக் காரணம், பேசப் போகிறவருக்கே அது பிடித்திருந்தது. அதனால்தான் பேசுபவரோடு நேரில் உட்கார வாய்ப்பில்லாத வேலையை ஏற்க வேண்டாம் என்கிறேன். உதவியாளர் வழியாக வரும் 'ஐயா விரும்புவது' பெரும்பாலும் உதவியாளர் விரும்புவதுதான்.

நிறுவனங்களில் சம்பளம் கூடலாம், ஆபத்து வேறு மாதிரி. பங்குச் சந்தையில் உள்ள நிறுவனமென்றால், காலாண்டு முடிவு வெளிவருமுன் 'வளர்ச்சி அமோகம்' என்று மேடையில் சொல்வதே சட்டச் சிக்கலாகலாம். சட்டப் பிரிவுக்குக் கடைசி நாளில் அல்ல, முதல் வரைவையே அனுப்புங்கள்.

அப்புறம் வாசிப்புப் பிரதி. எழுத்து பெரிதாக, பக்கத்தின் மேல் பகுதியில் மட்டும். கீழே வரை அச்சிட்டால் பேசுபவரின் தலை குனிந்துவிடும். வாக்கியம் அடுத்த பக்கத்துக்குத் தாண்டக் கூடாது. தாள்களைப் பின் அடிக்காமல் எண் போட்டு வையுங்கள்.

கடைசியாக, உங்கள் பெயர் எங்கும் வராது. அது சரி, தெரிந்துதான் வருகிறோம். ஆனால் அடுத்த வேலைக்கு எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்சியோ தலைமையோ மாறிய பிறகு அதைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.