முடுக்கம்: திரையில் ‘ஜி’யா, மீட்டரா?

ராதாபுரம், பணகுடிப் பக்கம் காத்தாடிகளில், அதாவது மின்சாரம் தரும் காற்றாலைகளில், அதிர்வு பார்க்கிறவர்கள் ‘ஆக்ஸிலரேஷன்’ என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். பாடநூல் தரும் தமிழ், முடுக்கம். இது வேகம் அல்ல. வேகம் எவ்வளவு சட்டென்று மாறுகிறது என்பதன் அளவு. அதிர்கிற பொருள் போய்த் திரும்பிக்கொண்டே இருப்பதால் அதன் வேகம் ஓயாமல் மாறுகிறது. உணரி (சென்சார்) பிடிப்பது அந்த மாற்றத்தை.

ஆங்கிலச் சொல், ‘விரைவான’ என்று பொருள்படும் ‘செலர்’ என்ற லத்தீன் சொல் வழி வந்தது. நம்முடையது ‘முடுகு’ வழி வந்தது. விரைதல் என்று பொருள். பெருகு, பெருக்கு, பெருக்கம் போலவே முடுகு, முடுக்கு, முடுக்கம். வண்டிமாட்டை முடுக்குவதும், செய்தித்தாளில் பணிகள் ‘முடுக்கிவிடப்படுவதும்’ இதே சொல்தான். திருப்புகழ் பாடுகிறவர்களுக்கு விரைந்து ஓடும் முடுகு நடை என்றால் சொல்லவே வேண்டாம். நெல்லை டவுனில் முடுக்கு என்றால் குறுகிய சந்து; அதற்குள் நுழைந்தால் இந்தக் கட்டுரை வெளியே வராது. இலங்கைத் தமிழர் ஆர்முடுகல் என்பார்கள், வேகம் குறைந்தால் அமர்முடுகல். நம் ‘எதிர் முடுக்க’த்தைவிட அமர்முடுகல் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அலகுக்கு வருவோம். அதிர்வு பார்க்கும் மென்பொருளில் அமைப்புகளைத் திறந்தால் மீ/வி² (மீட்டர்/வினாடி²), மிமீ/வி², ஜி என்று வரிசையாக நிற்கும். நிலநடுக்கம் அளக்கிறவர்களுக்குக் கலிலியோ பெயரில் ‘கால்’ என்றும் ஒன்று உண்டு, ஒரு செமீ/வி². தமிழில் ‘அரை கால்’ என்று எழுதினால் நம் ஆட்கள் எட்டில் ஒரு பங்கு என்று படித்துவிடுவார்கள். அது இங்கே வேண்டாம்.

ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் பெயரால் வந்த அலகு. 1901இல் எடை, அளவுகளுக்கான பொது மாநாடு அதை 9.80665 மீ/வி² என்று நிலைநிறுத்தியது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் நெல்லையில் உண்மையான ஈர்ப்பு 9.78 அளவில்தான் இருக்கும். அதற்காக மென்பொருளில் எண்ணை மாற்றக் கூடாது. இங்கே ஜி வெறும் அலகு; ஊருக்கு ஊர் மாறுவதில்லை. இன்னொன்று, சிறிய எழுத்தில் போடும் அதன் குறியும் கிராமின் குறியும் ஒன்றே, g. பழகாதவர் அறிக்கையில் 2.5 கிராம் என்று வாசித்துவிட்டுத் திகைப்பார்.

எதைத் தேர்ந்தெடுப்பது? நிமிடத்துக்கு 18 சுற்று சுற்றும் காத்தாடி இறக்கையால் ஓரிடம் நடுநிலையிலிருந்து 1 மில்லிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிர்வெண் 0.3 ஹெர்ட்ஸ், முடுக்கம் சுமார் 3.55 மிமீ/வி². அதையே ஜியில் போட்டால் 0.00036. இரண்டு தசமம் மட்டும் காட்டும் திரையில் 0.00 என்று வரும், ஆட்டமே இல்லை என்று தோன்றும். அதே 1 மில்லிமீட்டர் 1500 சுற்று ஜெனரேட்டர் தண்டின் பக்கம் வந்தால் 25 ஹெர்ட்ஸ், முடுக்கம் 24.67 மீ/வி², அதாவது 2.5 ஜி. ஆட்டம் அதே அளவாக இருந்தால் முடுக்கம் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறும்; அது செய்கிற வேலை இது. அதனால் கோபுரம், இறக்கை போன்ற மெதுவான பகுதிக்கு மிமீ/வி², பேரிங், கியர்பாக்ஸுக்கு ஜி என்பது என் கட்சி. கணக்குப் போட்டு வேகத்துக்கும் நகர்வுக்கும் போக வேண்டியிருந்தால் மீ/வி²யிலேயே இருந்துவிடுங்கள், 9.8ஐச் சுமந்துகொண்டு திரிய வேண்டாம்.

திரையில் அலகை மாற்றினால் பதிவான தரவு மாறாது, காட்டும் எண் மட்டும் மாறும். உணரியின் உணர்திறனை, அதாவது எவ்வளவு முடுக்கத்துக்கு எத்தனை மில்லிவோல்ட் தரும் என்பதை, உள்ளிடும் கட்டம் அப்படி இல்லை. சான்றிதழில் ஒரு ஜிக்கு 100 மில்லிவோல்ட் என்று இருக்கும். அதை மீ/வி² கணக்கில் கேட்கும் கட்டத்தில் 10.2 என்று போட வேண்டும். அங்கே 100ஐ அடித்துவிட்டால் எல்லா அளவும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்; கெட்டுப்போன பேரிங்கும் நல்லதாகத் தெரியும்.

அப்புறம், அலகோடு உச்சமா ஆர்.எம்.எஸ்.ஸா (வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) என்பதையும் எழுதுங்கள். மேலே சொன்ன 2.5 ஜி உச்ச அளவு. தூய சைன் அலையாக இருந்தால் ஆர்.எம்.எஸ். 1.78 ஜி.