தன்னார்வலர்: சொல் விளக்கம்

வாலண்டியர் என்பதற்கு இன்று நாம் எழுதும் தமிழ், தன்னார்வலர். விருப்பத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது வாலண்டியர். முதலில் அது படைச்சொல். யாரும் பிடித்துப் போடாமல், தானாகப் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்று பொருள். ஆக, சம்பளம் வாங்குகிறாரா என்பது இரண்டாம் பட்சம். கட்டாயம் இருக்கக் கூடாது, அதுதான் கணக்கு.

டெல்டாக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று அடிக்கடி வரும். கூலியின்றிச் செய்தே தீர வேண்டிய வேலை. வாய்க்கால் தூர்வாரும் குடிமராமத்துக்கும் ஆங்கிலேயர் 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டார்கள். அங்கே மண் வெட்டியவர்களைத் தன்னார்வலர் என்று சொல்ல முடியுமா?

நம்மிடம் முன்பே இருந்த சொல் தொண்டர். கண் தெரியாத தண்டியடிகள் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே திருவாரூர்க் குளத்தில் மண் எடுத்தார் என்கிறது பெரியபுராணம். அந்த நூலுக்குச் சேக்கிழார் வைத்த பெயரே திருத்தொண்டர் புராணம். 1930-இல் ராஜாஜியோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்களும் தொண்டர்களே. அப்புறம் கட்சிகள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. இன்று தொண்டர் என்றால் கொடியும் துண்டும்தான் கண்ணில் நிற்கின்றன. (தொண்டுகிழத்தில் வரும் தொண்டு வேறு, அதற்குப் பழமை என்று பொருள். பென்ஷன்காரர்கள் கோபிக்க வேண்டாம்.)

ஆர்வலர் புதுச்சொல் அல்ல. 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர்' என்று குறளிலேயே, அன்புடையவர் என்ற பொருளில் இருக்கிறது. 'தன்' சேர்ந்ததுதான் புதுசு. 2021-இல், தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபின் ஊர்ப் பிள்ளைகளுக்கும் இந்தச் சொல் பழகிவிட்டது.

கும்பகோணம் பக்கம் நவம்பரில் தன்னார்வலர்களைப் பார்க்கலாம். மத்திய அரசுப் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் மாதம். ரிட்டயர்டு கண்டக்டரோ பேங்க் கிளார்க்கோ திண்ணையில் உட்கார்ந்து, கைரேகை தேய்ந்துபோன பெரியவரின் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பார். "ஐயா, கண்ணைச் சிமிட்டுங்க. ஒரு தடவை போதும்!" காசு வாங்க மாட்டார். வீட்டில் மட்டும் இதற்கு 'வெட்டி வேலை' என்று பெயர். கல்வெட்டுக்காலச் சொல் அங்கே பத்திரமாக இருக்கிறது.

இவர்களை 'ஓய்வுபெற்ற தன்னார்வலர்' என்று எழுதுகிறார்கள். தொண்டிலிருந்தே ஓய்வு பெற்றதாகப் பொருள் மாறிவிடும். 'பணி ஓய்வுபெற்ற தன்னார்வலர்' என்றால் சரி.