எலக்ட்ரானால் இழுத்த கோடு

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "1980 வாக்கில் வந்த சில ஆர்கேட் (காசு போட்டு ஆடும் பெட்டி) விளையாட்டுகளில் கோடுகள் அப்படி மின்னுமாமே, அதையே இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஏன் சப்பென்று இருக்கிறது?"

பதில் சொல்ல எனக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1982-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'குவாண்டம்'. அமெரிக்காவின் ஜெனரல் கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் நிறுவனத்தில் பெட்டி ரையன் என்பவர் வடிவமைத்தது. இதில் சுடுவதே கிடையாது. டிராக்பால் என்ற உருண்டையைக் கையால் உருட்ட உருட்டத் திரையில் ஒரு கோடு நீளும். அலைந்து திரியும் அணுத்துகள்கள் மேல் படாமல் அவற்றைக் கோட்டால் சுற்றி வளைக்க வேண்டும். சிக்குக் கோலத்தில் புள்ளியைத் தொடாமல் வளைத்து இழுப்போமே, அதேதான். இங்கே புள்ளிகள் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவே. குறைந்த எண்ணிக்கையில்தான் தயாரித்தார்கள் என்பதால் இன்று ஒரு பெட்டி கிடைப்பதே அரிது.

சரி, அந்த மினுமினுப்பு எங்கிருந்து வந்தது?

பழைய பிக்சர் டியூப் டிவி உங்களுக்குத் தெரியும். எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என வரி வரியாகத் திரை முழுவதையும் மெழுகிக்கொண்டே போகும். படம் இருக்கிறதோ இல்லையோ, எல்லா வரியிலும் போயே ஆக வேண்டும். குவாண்டத்தில் இருந்தது வெக்டர் திரை. அதிலும் அதே டியூப், அதே கற்றைதான். ஆனால் கோடு எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் கற்றை போகும். கோல அச்சில் மாவைத் தட்டுவதற்கும் விரலால் இழை இழுப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

நினைவகம் விலை அதிகமாக இருந்த காலத்தில் இது பெரிய சிக்கனம். 1979-இல் வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' என்ற வெக்டர் விளையாட்டு, திரையில் காட்ட வேண்டியதை எழுதி வைக்க 2 கிலோபைட் ரேம்தான் வைத்திருந்தது. 'இங்கிருந்து அங்கே போ, இந்த அளவு வெளிச்சத்தோடு போ' என்ற கட்டளைப் பட்டியல் மட்டும் போதும்.

என்னை மயக்குவது அடுத்த படி. சாய்வாக ஒரு நேர்கோடு வேண்டும். கற்றையை இடவலமாகத் தள்ள ஒரு மின்னழுத்தம், மேலும் கீழுமாகத் தள்ள இன்னொன்று. குவாண்டத்தில் இருந்த அட்டாரி சுற்று, மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் இரண்டு கெபாசிட்டர்களை ஒரே நேரத்தில் சீராக நிரப்பத் தொடங்கும். ஒன்று வேகமாக ஏறும், மற்றது மெதுவாக ஏறும். இரண்டு வேகங்களுக்கும் உள்ள விகிதம்தான் கோட்டின் சாய்வு! பிக்சல் என்ற பேச்சே இல்லை, ஆகவே படிக்கட்டு போன்ற விளிம்பும் இல்லை. பள்ளியில் படித்த சாய்வு அங்கே மின்னூட்டமாக ஏறி, ஒளியாக விழுகிறது.

கல்லூரி ஆய்வகத்தில், மின்னலையைத் திரையில் கோடாகக் காட்டும் சி.ஆர்.ஓ. கருவியை எக்ஸ்-ஒய் நிலைக்கு மாற்றி, இரண்டு மின்னலைகள் சேர்ந்து வரையும் லிசாஜூ உருவம் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தப் பச்சைக் கோடு முதல்முதலாக வட்டமாக மூடிக்கொண்டதைப் பார்த்த மதியத்தை நான் மறக்கவில்லை. பிறகு அந்தக் கருவிகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வாங்கப் பணம் ஒதுக்குபவர்கள், பழையதில் ஒன்றிரண்டை ஓடும் நிலையில் வைத்திருக்கவும் ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும். படத்தில் பார்த்து இதைக் கற்க முடியாது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். கற்றை ஓர் இடத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு வெளிச்சம். ஒரு கோடு முடிந்து அடுத்தது தொடங்கும் முனையில் அது கணநேரம் தயங்கும். அதனால் மூலைகள் சற்றே தூக்கலாக எரியும். ஆஸ்டிராய்ட்ஸில் சுடும் குண்டு வெறும் புள்ளி. கற்றை அதே இடத்தில் நின்று அடிப்பதால் கண் கூசும். இன்றைய சாதாரணத் திரையில் ஒரு பிக்சலால் தன் உச்ச வெளிச்சத்தைத் தாண்ட முடியாது. கோடும் குண்டும் ஒரே வெள்ளையாகத் தெரிகின்றன.

இந்த அழகே ஆபத்தும்கூட. சுற்று பழுதாகிக் கற்றை நகராமல் நின்றுவிட்டால், கற்றை பட்டதும் ஒளிரும் பாஸ்பர் பூச்சு அங்கே கருகிவிடும். அதைத் தடுக்கவே 'ஸ்பாட் கில்லர்' என்று ஒரு காவல் சுற்று உண்டு. நகர்த்தும் சிக்னல் வரவில்லை என்றால் கற்றையை அணைத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை ஏற்றும். வெக்டர் மானிட்டர் பழுது பார்ப்பவர்கள் பெட்டியைத் திறந்ததும் தேடுவது அந்தச் சிவப்பைத்தான்.

குவாண்டத்தில் இன்னொன்று இருக்கிறது. மற்ற விளையாட்டுகளில் அதிக மதிப்பெண் எடுத்தால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துப் பெயர் பதிவோம். இங்கே முதலிடம் பிடித்தவர் டிராக்பாலை உருட்டித் தன் கையாலேயே கையெழுத்துப் போடலாம். கை போன வழியே கற்றையும் போகும்.