ரீஃபர் – குளிர்பதனக் கொள்கலன்

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்பவரிடமோ, நாமக்கல்லிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு முட்டை அனுப்புகிறவரிடமோ பேச்சுக் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் 'ரீஃபர்' என்ற சொல் வந்துவிடும். "ரீஃபர் யார்டுல இருந்து கிளம்பிருச்சா?", "ப்ளக் போட்டாச்சா?" என்பார்கள். கெட்டுப்போகும் உணவைக் கடல்வழியே கொண்டுபோகும் குளிர்ப்பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். பெரும்பாலும் 40 அடி நீளம், வெள்ளை நிறம். ஒரு முனையில் கதவு, மறுமுனையில் சுவரையே அடைத்துக்கொண்டு ஓர் இயந்திரம். கப்பலிலும் துறைமுகத்திலும் மின்இணைப்பில் ஓடும். லாரியில் போகும்போது டீசலில் ஓடும் ஜெனரேட்டரை, அதாவது ஜென்செட்டை, மாட்டிவிடுவார்கள். உள்ளே மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் முதல் பிளஸ் 30 வரை வேண்டிய அளவில் வைத்துக்கொள்ளலாம்.

சொல் வந்த வழி நேரானதுதான். 'ரெஃப்ரிஜரேட்டர்' என்பதை அமெரிக்க ரயில்வேக்காரர்கள் சுருக்கிவிட்டார்கள். பனிக்கட்டி அடைத்து இறைச்சியும் பழமும் ஏற்றிப்போன ரயில் பெட்டிகளுக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தப் பட்டப்பெயர் உண்டு. அங்கிருந்து கப்பலுக்கும், பிறகு கன்டெய்னருக்கும் வந்தது. ஆங்கிலத்தில் இதே ஒலியில் வேறு ரீஃபர்களும் இருக்கின்றன. பாய்மரக் கப்பலில் பாயைச் சுருக்கிக் கட்டுகிறவர் ஒரு ரீஃபர், மாலுமிகள் போடும் தடித்த கோட்டு இன்னொன்று; கஞ்சாச் சுருட்டையும் அப்படிச் சொல்வதுண்டு. கடல் வாடை அடிப்பதால் நம் பெட்டிக்கும் பாய் சுருக்குகிறவருக்கும் உறவு இருக்கும் என்று தோன்றும். இல்லை.

ரெஃப்ரிஜரேட்டரின் வேர் லத்தீனில் குளிரைக் குறிக்கும் 'ஃப்ரீகுஸ்'. உணவைக் குளிராக வைக்கும் பெட்டிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மூர் என்ற விவசாயி. ஆண்டு 1802. வெண்ணெயை ஜார்ஜ்டவுன் சந்தைக்குக் கொண்டுபோவதற்குள் அது உருகிவிடும். தேவதாரு மரத்தொட்டிக்குள் தகரப் பாத்திரம், இடையில் பனிக்கட்டி, வெளியே முயல் தோல் என்று ஒரு பெட்டி செய்து அதில் வெண்ணெய் எடுத்துப்போனார். மற்றவர்களின் வெண்ணெய் குழைந்து கிடக்க, இவருடையது கட்டியாக நல்ல விலைக்குப் போனது. ஆக, பெயர் பிறந்ததே சமையலறை மூலையில் நின்ற பெட்டிக்காக அல்ல, சரக்கு சுமந்து பயணம் போன பெட்டிக்காக.

அடுத்த சில பத்தாண்டுகளில் பனிக்கட்டியே சரக்காகிவிட்டது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் அனுப்பினார். சென்னைக்கு வந்த ஐஸை வைக்க 1842இல் எழுந்த கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். இயந்திரக் குளிரோடு உணவு கடல் தாண்டியது 1870களின் பிற்பகுதியில்தான். அதில் பேர்போனது 'டனீடன்' என்ற பாய்மரக் கப்பல். 1882 பிப்ரவரி 15 அன்று நியூசிலாந்தின் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 5,000 உறைந்த ஆட்டுடல்களோடு கிளம்பி, 98 நாள் கழித்து லண்டன் சேர்ந்தது. வெப்பமண்டலக் கடலில் குளிர்காற்று சரக்கறைக்குள் சரியாகப் பரவவில்லை. கேப்டன் விட்சன் தானே காற்றுக் குழாய்க்குள் ஊர்ந்துபோய்த் துளைகளை அறுத்துப் பெரிதாக்கினார். குளிரில் விறைத்துவிட்டவரைக் காலில் கயிறு கட்டி வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. கழித்துப்போட்டது ஒரே ஓர் ஆட்டுடல்.

விட்சனைப் படுத்திய சிக்கலேதான் இன்றைய ரீஃபருக்கும்: குளிரை உண்டாக்குவதைவிட, அந்தக் காற்று எல்லா மூலைக்கும் போய்ச்சேர்வதுதான் பாடு. ரீஃபரின் தரை சமதளமாக இருக்காது. அலுமினியத் தண்டவாளங்களை நெருக்கி வைத்தது போன்ற வரிப்பள்ளம். குளிர்காற்று அதன் வழியே கீழிருந்து ஓடி, சரக்கைத் தொட்டு மேலேறி, கூரையை ஒட்டி இயந்திரத்துக்குத் திரும்பும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஓர் அட்டைப்பெட்டி ஏறினாலும் காற்று திரும்பும் வழி அடைபடும். இடம் மிச்சம் இருக்கிறதே என்று அங்கேயும் நாலு பெட்டி திணிப்பவர்கள் இல்லாமல் இல்லை.

இப்போது தமிழுக்கு வருவோம். 'குளிரூட்டப்பட்ட கொள்கலன்', 'குளிர்சாதனக் கொள்கலன்', 'குளிர்பதனக் கொள்கலன்', 'குளிர்பதனப் பெட்டகம்' என்று பலவிதமாக எழுதலாம். கன்டெய்னருக்குக் 'கொள்கலன்' அருமையான சொல். கலம் என்றால் பாத்திரம், மரக்கலம் என்றால் கப்பல், இரண்டையும் நினைவூட்டுகிறது. நாளிதழ்களின் 'சரக்குப் பெட்டகம்' என்பதிலும் குறையில்லை. 'குளிரூட்டப்பட்ட' போன்ற முன்பாதியில்தான் எனக்குத் தகராறு.

ஏசியைக் 'குளிரூட்டி' என்பது பொருத்தம். சூடான அறைக்குள் அது குளிரை ஊட்டுகிறது. ரீஃபரின் வேலை அது இல்லை. ஏற்றும்போது சரக்கு எந்த வெப்பத்தில் இருந்ததோ, அதே வெப்பத்தில் இறக்குமிடம் வரை வைத்திருப்பதற்காகச் செய்த இயந்திரம் அது. உதாரணத்துக்கு, பச்சையாக வெட்டிய கேவண்டிஷ் வாழையை 13 அல்லது 14 டிகிரியில் அனுப்புவார்கள். தோட்டத்துச் சூட்டோடு காயை நேராக ரீஃபரில் அடைத்துவிட்டு 'அது குளிராக்கிக்கொள்ளும்' என்று இருந்தால், நடு அடுக்கு நாள்கணக்கில் சூடாகவே கிடக்கும், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயு கிளம்பும், போகும் வழியிலேயே பழுத்துவிடும். அதற்காக 10 டிகிரிக்குத் தள்ளினாலும் ஆபத்து: குளிரடிபட்டுத் தோல் கறுத்துவிடும். எனவே முன்கூட்டியே குளிர்வித்த சரக்கைத்தான் ஏற்ற வேண்டும். 'குளிரூட்டப்பட்ட கொள்கலன்' என்று எழுதும்போது இந்தத் தவறான எண்ணம் சொல்லிலேயே ஒட்டிக்கொள்கிறது.

பதனம் என்றால் கவனம், பாதுகாப்பு. பதம் கெடாமல் வைப்பது. பானையில் சுண்ணாம்பு தடவிப் புளிக்காமல் இறக்குகிற பதநீரும் இந்தச் சொற்குடும்பம்தான். குளிரால் பதம் காப்பது குளிர்பதனம். ரீஃபர் செய்வது அச்சாக அதைத்தான். குளிர்பதனக் கிடங்கு என்று ஏற்கெனவே எல்லோரும் எழுதுகிறோம். 'குளிர்பதனக் கொள்கலன்' அதன் பக்கத்தில் இயல்பாக உட்காரும்.

கூடவே வரும் சில சொற்களையும் பிரித்துக்கொள்வது நல்லது. இறால் போவது உறைநிலையில், வாழை போவது குளிர்நிலையில். இரண்டையும் 'பதப்படுத்தப்பட்ட' என்று பொதுவாக எழுதிவிட்டால், ஊறுகாயும் கருவாடும் அதில் அடங்கிவிடும். 'உறைந்த இறால்', 'குளிர்நிலை வாழை' என்றால் குழப்பமில்லை. அடுக்கும் முறையே வேறு: உறைந்த பெட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி அடுக்குவார்கள், காற்று சுற்றிப்போனால் போதும். காய்கனி மூச்சுவிடும், வெப்பம் வெளியிடும். அதனால் துளையுள்ள அட்டைப்பெட்டி, ஊடே காற்று.

உறைந்த சரக்குக்கு வழக்கமான அளவு மைனஸ் 18. ஏன் 18 என்றால், பாரன்ஹீட் கணக்கில் அது பூஜ்ஜியம், அவ்வளவுதான். இதை மைனஸ் 15 ஆக்கினால் மின்சாரம் மிச்சமாகும் என்று 2023இல் ஒரு கூட்டமைப்பே தொடங்கியிருக்கிறார்கள். முன்பதிவுப் படிவத்தில் 'மைனஸ்' என்று எழுத்திலேயே போடச் சொல்வது வீண் கண்டிப்பு இல்லை. அந்தச் சின்னக் கோடு விட்டுப்போனால் பெட்டி ஒழுங்காகப் பிளஸ் 18இல் இறாலைக் கொண்டுபோகும். இயந்திரத்தின் மேல் குற்றம் சொல்லவும் முடியாது, சொன்னதைத்தானே செய்தது!

இந்தச் சொல்லுக்குள் அடங்காத ரீஃபரும் ஒன்று உண்டு. குளிர்ச்சரக்கு ஒரு திசையில்தான் அதிகம் போகும். திரும்பும்போது பெட்டி காலி. வெறுமனே கொண்டுவருவதற்குப் பதில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காகிதமோ ஓடோ ஏற்றிவருவார்கள், வாடகையும் குறைவு. தொழிலில் அதற்கு 'என்.ஓ.ஆர்.' (நான்-ஆப்பரேட்டிங் ரீஃபர், இயங்காத ரீஃபர்) என்று பெயர். அதைக் 'குளிர்பதனக் கொள்கலன்' என்று எழுதினால் குழப்பம்தான் வரும். 'இயங்காக் குளிர்பதனக் கொள்கலன்' என்று எழுதலாம், கொஞ்சம் நீளம்தான்.