தெருமுனையில் 10 மீட்டர்

நிறுத்தி வைத்த கார் யார் மீதும் மோதாது. இன்ஜின் ஓடவில்லை, சக்கரம் சுழலவில்லை, உள்ளே ஆளும் இல்லை. ஆனாலும் தெருமுனையில் நடக்கும் விபத்துகளில் அதற்கும் பங்கு உண்டு. மோதியது வேறு வண்டியாக இருக்கும். மறைத்தது இதுவாக இருக்கும்.

‘முனையிலிருந்து இத்தனை மீட்டருக்குள் நிறுத்தாதே’ என்ற விதியை அபராதம் போடுவதற்கான சாக்கு என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்த ‘இத்தனை மீட்டர்’ எப்படி வந்திருக்கும் என்று புரிந்துகொள்ள, பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்கே போதும். தாளும் பென்சிலும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

சாலையோரம் ஒரு கார் நிற்கிறது. அகலம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர். அதற்குச் சற்று முன்னால், சாலையைக் கடப்பதற்காக நடைபாதை விளிம்பில் ஒரு குழந்தை காத்திருக்கிறது. நிற்கும் காரின் வெளிப்பக்கத்தை ஒட்டிச் சாலை நெடுக ஒரு கோடு போட்டால், குழந்தை அந்தக் கோட்டுக்கு 2 மீட்டர் உள்ளே இருக்கும். நீங்கள் பின்னாலிருந்து வண்டி ஓட்டி வருகிறீர்கள். நிற்கும் காருக்கு ஓரளவு இடைவெளி விட்டுப் போனால், உங்கள் கண் அதே கோட்டுக்கு வெளியே சுமார் 2 மீட்டரில் இருக்கும். இடப்பக்கம் ஓட்டும் நாடோ வலப்பக்கம் ஓட்டும் நாடோ, ஓட்டுநர் இருக்கை பொதுவாகச் சாலையின் நடுப்பக்கம்தானே.

இப்போது குழந்தையிடமிருந்து தொடங்கி, நிற்கும் காரின் முன்முனையைத் தொட்டுக்கொண்டு, உங்கள் கண் வரைக்கும் நேர்கோடு இழுங்கள். கோட்டுக்கு உள்ளே ஒரு முக்கோணம், வெளியே ஒரு முக்கோணம், இரண்டும் ஒரே அளவு. அதாவது, குழந்தைக்கு எத்தனை மீட்டர் தள்ளிக் கார் நிற்கிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு நீங்கள் நெருங்கி வந்த பிறகுதான் குழந்தை உங்கள் கண்ணில் படும். கார் 5 மீட்டர் தள்ளி நின்றால் 10 மீட்டரில் தெரியும். 10 மீட்டர் தள்ளி நின்றால் 20 மீட்டரில் தெரியும். ஒரே ஒரு மீட்டர் விட்டு நிறுத்தியிருந்தால்? 2 மீட்டரில். அது பார்ப்பதற்கான தூரமே இல்லை.

காரின் கண்ணாடி வழியே தெரியாதா என்று கேட்கலாம். பெரியவர்களின் தலை தெரியலாம். ஒரு மீட்டர் உயரமுள்ள குழந்தையைக் கதவும் பானெட்டும் சேர்ந்து மறைத்துவிடும். நிற்பது வேனாகவோ உயரமான எஸ்யூவியாகவோ இருந்தால் பெரியவர்களும் தெரிய மாட்டார்கள்.

சரி, 20 மீட்டரில் தெரிந்துவிட்டது. அது போதுமா? இங்கேதான் வேகம் உள்ளே வருகிறது. ஆபத்தைக் கண்டு, மூளை முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போய் மிதிக்க 1.5 வினாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில், நல்ல டயரோடு, ஒவ்வொரு வினாடிக்கும் வேகத்தில் வினாடிக்கு 7 மீட்டர் குறையும் அளவுக்கு அழுத்திப் பிரேக் போடுகிறோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி, கால் பிரேக்கைத் தொடும் முன்பே 12.5 மீட்டர் ஓடியிருக்கும். அப்புறம் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 17.5. குழந்தைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் மிச்சம். கண்ணுக்கு முன்னால் நீளும் 2 மீட்டர் பானெட்டைக் கழித்தால், குழந்தைக்கும் பம்பருக்கும் நடுவே அரை மீட்டர்தான்.

அதே வண்டி 40-இல் வந்தால், பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே 16.7 மீட்டர் போயிருக்கும். மீதி மூன்று சொச்சம் மீட்டர், பானெட்டைக் கழித்தால் ஒன்று சொச்சம். அதில் என்ன செய்ய முடியும்? மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதும். 50-இல் வந்தால் இன்னும் மோசம். 1.5 வினாடியில் 20.8 மீட்டர் ஓடிவிடும். கால் பிரேக்கில் படும் முன்பே மோதல் முடிந்திருக்கும், அதுவும் முழு 50 கிலோமீட்டர் வேகத்தில். ‘வெறும் 20 கிலோமீட்டர்தானே அதிகம்’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். மழை பெய்திருந்தால் எல்லா எண்ணும் இதைவிட மோசமாகும்.

இப்போது சட்டங்களைப் பாருங்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகம் சந்திப்பிலிருந்து 10 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது என்கிறது. ஜெர்மனியில் 5 மீட்டர். வலப்பக்கம் தனிச் சைக்கிள் பாதை இருந்தால் 8 மீட்டர். கலிபோர்னியாவில் 2025 முதல், பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால் 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டருக்குள் நிறுத்தினால் அபராதம். நம் முக்கோணத்தை நம்பினால் 10 மீட்டர் 30 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதும். 5 மீட்டருக்கு வாகனங்கள் அதைவிட மெதுவாக வந்தாக வேண்டும். என்னைக் கேட்டால், நிறுத்தும் விதியையும் வேக வரம்பையும் தனித்தனியாகப் பேசுவதே தவறு.

இப்படி முனையைக் காலியாக வைப்பதற்கு அமெரிக்காவில் ‘டேலைட்டிங்’ என்று பெயர். நியூஜெர்சியின் ஹோபோகன் நகரம் இதைத் தீவிரமாகச் செய்தது. ‘இங்கே நிறுத்தாதீர்கள்’ என்று பலகை வைப்பதோடு நிற்காமல், முனைகளில் சைக்கிள் ஸ்டாண்டு, குட்டையான கம்பங்கள், செடிகள் என்று வைத்தார்கள். கார் நுழைய முடியாது, பார்வையும் மறையாது. வேக வரம்பையும் மணிக்கு 20 மைலாகக் குறைத்தார்கள். 2017 தொடங்கி ஏழு ஆண்டுகள் அந்த ஊர்ச் சாலைகளில் ஒருவரும் விபத்தில் சாகவில்லை.

பக்கத் தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநரின் பாடு வேறு. காரில் உங்கள் கண் முன்பம்பருக்கு ஏறக்குறைய 2 மீட்டர் பின்னால் இருக்கிறது. முனையில் ஒரு வேன் நின்றால், அதைத் தாண்டிப் பார்க்க நீங்கள் முதலில் அந்த 2 மீட்டர் பானெட்டைப் பெரிய சாலைக்குள் நீட்டியாக வேண்டும். எட்டிப் பார்ப்பதற்கு முன்பே மூக்கு மாட்டிக்கொள்கிறது. ‘ரெண்டே நிமிஷம்’ என்று நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டு அங்கே நிறுத்திப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வரும். விளக்கு மினுக்கினால் வண்டி கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுமா என்ன?

இரவில் இன்னொரு விதி. போக்குவரத்துக்கு எதிர்த்திசை பார்த்து வண்டியை நிறுத்தக் கூடாது என்று பல நாடுகளில் இருக்கிறது. இது வெறும் ஒழுங்குக்காக வந்தது போலத் தோன்றும். காரின் பின்பக்கத்தில் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரைக் கிட்டத்தில் பாருங்கள். உள்ளே சின்னச் சின்னதாக, பெட்டியின் உள்மூலை மாதிரி, ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் இருக்கும். ஒளி ஓரளவு சாய்வாக விழுந்தாலும் மூன்று முறை திரும்பி, வந்த திசைக்கே போய்விடும். உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் உங்கள் கண்ணுக்கே திரும்பி வருகிறது. விளக்கு அணைந்த காரும் இருட்டில் பளிச்சென்று தெரிவது இதனால்தான். திசை மாற்றி நிறுத்தினால், வருகிறவருக்குக் காரின் முகம்தான் தெரியும். அங்கே சிவப்பு ரிஃப்ளெக்டர் கிடையாது.

சரிவான சாலையில் நிறுத்தும்போது முன்சக்கரத்தைத் திருப்பி வைக்கச் சொல்வார்கள். இறக்கம் பார்த்து நின்றால் ஓரக்கல் பக்கமாக. ஏற்றம் பார்த்து நின்றால், ஓரக்கல் இருக்கும் பட்சத்தில், சாலைப் பக்கமாக. சான் பிரான்சிஸ்கோவில் 3 சதவீதத்துக்கு மேல் சரிவிருந்தால் இது சட்டம். 10 சதவீதச் சரிவில் 1500 கிலோ காரைக் கீழே இழுக்கும் விசை 150 கிலோ எடைக்குச் சமம். ஹேண்ட் பிரேக் அதைத் தாங்கும், ஆனால் பின்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. நீண்ட இறக்கத்தில் பிரேக் போட்டபடி வந்தால் டிஸ்க் சூடேறி விரிந்திருக்கும். அந்தச் சூட்டோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கிப் போகிறோம். டிஸ்க் ஆறும், சுருங்கும், பிடி தளரும். நாம் இறங்கும்போது அசையாமல் நின்ற கார், கொஞ்ச நேரம் கழித்து, சுற்றிலும் யாருமில்லாதபோது மெல்ல நகரத் தொடங்கலாம். சக்கரம் திரும்பியிருந்தால் ஒரு சாண் நகர்ந்து, ஓரக்கல்லில் முட்டி நிற்கும்.