சிசி என்றால் என்ன? அது கூடினால் பெட்ரோல் செலவும் கூடுமா?

காரின் விவரப் பட்டியலில் 1197 சிசி என்று போட்டிருக்கும். கியூபிக் சென்டிமீட்டர் என்பதன் சுருக்கம்தான் இந்த சிசி, தமிழில் கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் என்பது சரியாக ஒரு மில்லிலிட்டர். சென்டி, நூறைக் குறிக்கும் லத்தீன் 'சென்டும்' வழியாக வந்தது. மீட்டர், அளவு என்று பொருள்படும் கிரேக்க 'மெட்ரான்' வழியாக. இரண்டையும் சேர்த்து அலகாக்கியது 1795-இல் பிரான்ஸ் சட்டமாக்கிய மெட்ரிக் முறை.

சரி, எஞ்சினில் இது எதன் அளவு? சிலிண்டர் என்ற குழலுக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன், கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையே கடக்கிற இடம், அவ்வளவுதான். பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் மேலே மிஞ்சும் எரியறை இதில் சேராது. சிலிண்டரின் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 71.5 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 299 சிசி வரும், நான்கு சிலிண்டருக்கு 1197. விற்கும்போது 1.2 லிட்டர் என்பார்கள்.

இதை 'எஞ்சின் கொள்ளளவு' என்று எழுதுவது வழக்கம். தப்பில்லை, ஆனால் கொள்ளளவு என்றதும் டேங்க் மாதிரி எதையோ நிரப்பி வைப்பதாகத் தோன்றுகிறது, எஞ்சின் அவ்வளவு பெட்ரோலைக் குடிக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. 'இடப்பெயர்ச்சி' என்று மட்டும் போட்டால் இயற்பியல் பாடத்தில் வரும் வேறொன்றோடு குழம்பும். 'பெயர்ச்சிக் கன அளவு' என்பதே பொருத்தம் என்பது என் கருத்து. அந்த இடத்தில் பெரும்பகுதி நிரம்புவது காற்றுதான். பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்.

அப்புறம் ஏன் பெரிய எஞ்சின் கூடுதலாகக் குடிக்கிறது? உராயும் பரப்பு அதிகம், எடையும் அதிகம். இதைவிடக் கவனிக்க வேண்டியது, மெதுவாகப் போகும்போது நடப்பது. பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் காற்றுவழி பெரும்பாலும் மூடியே இருக்கும், அந்தக் குறுகலான சந்து வழியாகக் காற்றை இழுக்கவே பிஸ்டன் தன் வேலையில் ஒரு பங்கைச் செலவழிக்கும். அதே வேகத்துக்குச் சின்ன எஞ்சினில் காற்றுவழி இன்னும் அகலமாகத் திறப்பதால் இந்த இழப்பு குறைவு. டீசலில் காற்றை இப்படி அடைத்துச் சக்தியைக் குறைப்பதில்லை, அதனால் இந்தப் பிரச்சினை மிகக் குறைவு.

ஆனால் கனமான வண்டியில் சின்ன எஞ்சினைப் போட்டு எந்நேரமும் விரட்டினால் மிச்சமெல்லாம் போய்விடும். காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், வெப்பத்தைத் தணிக்கவே கூடுதல் பெட்ரோலைத் தெளிக்கும் வகைகள் உண்டு. பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் காரான டொயோட்டா ப்ரியஸ் 2009-இல் 1.5 லிட்டரிலிருந்து 1.8 லிட்டருக்கு மாறியது, மைலேஜ் கூடியது. நெடுஞ்சாலை வேகத்தில் பெரிய எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே ஓடியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.